இரண்டு நிமிடத்தில் ஒரு த்ரில்லர் எடுப்பது எப்படி?



2022-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா தொடங்கினார்கள். படம் பார்த்தால் நாமும் எடுக்கணும் என்று ஆசை வருவது இயற்கைதானே! கேமராவுக்கு எங்கே போவது என்று கவலை வேண்டாம். ஒரு செல்போனும் நாலு நண்பர்களும் போதும். முழுப் படம் எடுக்க நம்மால் முடியாது. ஆனால் ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுக்கலாம். இங்கிலாந்தில் 2008க்குப் பிறகு சில வருடங்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு ஊடகப் பாடத்தில் இதையே செய்முறை வேலையாகக் கொடுத்தார்கள். புதுப் படம் ஒன்றின் தொடக்கம், பெயர் போடுவதோடு சேர்த்து, இரண்டு நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். அதில் நிறையப் பேர் த்ரில்லரைத்தான் எடுத்தார்கள். ஏன் தெரியுமா? செலவு கம்மி. இருட்டும் சத்தமும் இலவசம்!

வழக்கம் என்றால் என்ன?

வாசலில் வாழைமரம் கட்டியிருந்தால் அது கல்யாண வீடு என்று யாரும் சொல்லாமலே நமக்குத் தெரியும். தெருவில் சங்குச் சத்தம் கேட்டால் இழவு என்று தெரியும். சினிமாவிலும் இப்படித்தான். ஒவ்வொரு வகைப் படத்துக்கும் சில அடையாளங்கள் உண்டு. இருட்டு வராந்தா, கிரீச்சிடும் கதவு, முகம் தெரியாத ஆள், திடீர் அமைதி, இவையெல்லாம் த்ரில்லரின் வாழைமரங்கள். இதைப் பார்த்ததும் "என்னவோ நடக்கப் போகுது" என்று நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். பார்ப்பவர்களுக்குப் படம் கொடுக்கிற வாக்கு அது.

பெரியவர்கள் எப்படிச் செய்தார்கள்?

1. கேள்வியில் தொடங்கு. 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுகூட கிடையாது. தொடக்கத்திலேயே துப்பாக்கிச் சத்தம். சிவாஜி கணேசன் நடித்த ரேடியோ இன்ஜினியர் செத்துக் கிடக்கிறார். கதாநாயகனே முதலில் போய்விட்டார்! சுட்டது யார்? இந்த ஒரு கேள்விதான் கடைசி வரை நம்மைப் பிடித்து உட்கார வைக்கிறது.

2. காட்டாதே. 1975-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த 'ஜாஸ்' படம் சுறாமீன் கதை. முதல் காட்சியில் ஒரு பெண் இரவில் கடலில் நீந்துகிறாள். ஏதோ அவளை இழுக்கிறது. ஆனால் சுறா நம் கண்ணில் படவே இல்லை. இரண்டே சுரம் திரும்பத் திரும்ப வரும் இசைதான் நம்மைப் பயமுறுத்துகிறது. இதில் ஒரு வேடிக்கை. செய்து வைத்திருந்த இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதானது. அதனால் அதைக் கொஞ்சமாகத்தான் காட்ட முடிந்தது. படத்துக்கு அதுவே நல்லதாகப் போய்விட்டது.

3. பார்ப்பவருக்கு முன்கூட்டியே சொல். ஆல்பிரட் ஹிட்ச்காக் என்ற இயக்குநர் 1962-ல் த்ரூஃபோ என்ற பிரெஞ்சு இயக்குநரிடம் இதை விளக்கினார். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. நமக்குச் சில விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே காட்சியில் மேசைக்கு அடியில் குண்டு இருப்பதை நமக்கு மட்டும் முதலிலேயே காட்டிவிட்டால்? அவர்கள் சும்மா ஊர்க்கதை பேசினாலும் நமக்கு வயிற்றைக் கலக்கும். "எழுந்து ஓடுங்களேன்!" என்று கத்தத் தோன்றும். பதறவைப்பது என்றால் இதுதான்.

நம்மால் செய்ய முடிந்தவை

* செல்போனைப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். கை ஆடாமல் இருக்க முழங்கையைச் சுவரிலோ பெஞ்சிலோ ஊன்றிக்கொள்ளுங்கள்.
* நிஜ இருட்டில் எடுத்தால் படம் புள்ளி புள்ளியாக வரும். பகலில் வகுப்பறை ஜன்னல்களை மூடிவிட்டு ஒரு ஜன்னலை மட்டும் லேசாகத் திறந்து வையுங்கள். அந்த ஒற்றை வெளிச்சம் போதும்.
* தரையில் இருந்து மேலே பார்த்து எடுத்தால் ஆள் பெரிதாக, பயங்கரமாகத் தெரிவார். மேலே இருந்து எடுத்தால் சின்னதாக, பாவமாகத் தெரிவார்.
* முகத்துக்குப் பதில் செருப்பு, கை, நிழல் இவற்றைக் காட்டுங்கள்.
* செல்போனில் காற்றுச் சத்தம் புகுந்துவிடும். அதனால் கேட் சத்தம், செருப்புச் சத்தம், கிணற்று ராட்டினச் சத்தம் எல்லாம் தனியாகப் பதிவு செய்து பிறகு சேருங்கள்.
* நிஜக் கத்தி, அரிவாள் வேண்டவே வேண்டாம். அட்டையில் செய்து ஜிகினாத்தாள் ஒட்டினால் போதும்.

நாம் மாற்ற வேண்டியவை

எல்லா வழக்கத்தையும் அப்படியே பின்பற்றணும் என்று இல்லை. இரண்டு வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்று, த்ரில்லர் என்றால் முதலில் சாவது அனேகமாக ஒரு பெண்தான். தனியாகப் போவாள், அலறுவாள், ஓடுவாள், விழுவாள். அதோடு அவள் வேலை முடிந்தது. அவள் பெயர்கூட நமக்கு நினைவிருக்காது. ஏன், கண்டுபிடிக்கிற ஆளாக அவள் இருக்கக் கூடாதா? பயந்தாலும் யோசிக்கிறவள் என்று காட்டக் கூடாதா? பெண் பிள்ளை என்றால் அலறத்தான் தெரியும் என்று ஒன்றாம் வகுப்புத் தங்கச்சி பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

இரண்டாவது இன்னும் முக்கியம். வில்லன் என்றால் ஊருக்குப் புதுசு, அழுக்குத் துணி, தோளில் மூட்டை, வேற பாஷை. இது வெறும் சினிமாதானே என்று விட்டுவிட முடியாது. பாகிஸ்தானில் கராச்சி நகரில் குழந்தைகள் பாதுகாப்புக்காக ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தார்கள். பைக்கில் வரும் இரண்டு பேர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கண்காணிப்புக் கேமராவில் பதிவானது போலவே எடுத்திருந்தார்கள். கடைசியில் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு ஓர் அறிவிப்பைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டு, நிஜமாகவே நடந்தது என்று இந்தியாவில் வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். 2018-ல் இப்படிப்பட்ட பிள்ளை பிடிக்கிற வதந்திகளால் நம் நாட்டில் பல ஊர்களில் ஒரு பாவமும் அறியாதவர்களை அடித்தே கொன்றார்கள். அந்த ஆண்டு மே மாதம் நம் தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே நடந்தது. சென்னையில் இருந்து குடும்பத்தோடு கோயிலுக்குப் போன ஒரு பாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்காகவே உயிரை விட்டார்.

சாக்லேட் கொடுக்கும் புது ஆள் என்றால் பிள்ளை பிடிக்கிறவர். இதுவும் ஒரு வழக்கம்தான். ஆளை விசாரிப்பதற்கு முன்பே மனசு கதையை முடித்துவிடுகிறது. அதனால் நாம் எடுக்கும் படத்தில் வெளியூர்க்காரரை, பிச்சை எடுப்பவரை, மனநிலை சரியில்லாதவரை வில்லன் ஆக்க வேண்டாம். இன்னொன்று, "இது மாணவர்கள் எடுத்த கற்பனைப் படம்" என்று தொடக்கத்திலும் கடைசியிலும் மட்டும் போடாமல், படம் முழுவதும் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கட்டும். அப்போது யாரும் அதைச் சுலபமாக வெட்ட முடியாது.

ஒரு மாதிரித் தொடக்கம்

நீங்களே முயற்சி செய்து பாருங்கள். பெயர்: 'மணி அடித்தது யார்?'

காட்சி 1: சாயங்காலம். யாருமில்லாத பள்ளி வராந்தா. அசையாமல் தொங்கும் மணி.
காட்சி 2: வகுப்பறையில் ஒரு மாணவி மட்டும் கரும்பலகையைத் துடைக்கிறாள். துடைக்கும் சத்தம் மட்டும்.
காட்சி 3: டங்! ஒரே ஒரு மணி. அவள் கை நிற்கிறது.
காட்சி 4: அவள் செருப்பு மட்டும் வராந்தாவில் மெதுவாக நடக்கிறது.
காட்சி 5: மணி லேசாக ஆடுகிறது. பக்கத்தில் யாருமில்லை. கீழே ஈரமான காலடித் தடங்கள்.
காட்சி 6: அவள் அலறவில்லை. குனிந்து, சாக்பீஸால் ஒரு தடத்தைச் சுற்றிக் கோடு போடுகிறாள்.
காட்சி 7: அவளுக்குப் பின்னால், தூரத்தில், அவள் விட்டு வந்த வகுப்பறைக் கதவு தானாக மூடுகிறது. அவள் பார்க்கவில்லை. நாம் பார்த்துவிட்டோம்!

இருட்டு. படத்தின் பெயர்.

கேள்வி இருக்கிறது, மறைப்பு இருக்கிறது, ஹிட்ச்காக் சொன்ன மேசைக்கடி குண்டும் இருக்கிறது. ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை. சாக்பீஸ் இருப்பது ஒரு பெண்ணின் கையில்.

அந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்று உங்களுக்குத் தோன்றுவதைத் தாளில் எழுதி இதன் கீழே ஒட்டுங்கள். ஒரே நிபந்தனை: வெளியூர்க்காரர் என்று மட்டும் எழுதக் கூடாது!



— 9ஆம் வகுப்பு மாணவி