தண்டனை முடிந்த பின்னும் தொடரும் பெயர்



ஒருவர் குற்றம் செய்தார், தண்டனையும் பெற்றார். பல்லாண்டுகள் திருந்தி வாழ்ந்த பின்னரும் பத்திரிகை அவரைக் குற்றவாளி என்றே உலகுக்கு அறிவித்துக் கொண்டிருக்கலாமா? பெல்ஜியம் நாட்டு வழக்கொன்று இதற்கு விடை தருகிறது.

1994-ல் அங்கு மருத்துவர் ஒருவர் ஏற்படுத்திய சாலை விபத்தில் இருவர் உயிரிழந்தனர், மூவர் காயமுற்றனர். 'லெ சுவார்' நாளிதழ் அவரது முழுப் பெயருடன் செய்தி வெளியிட்டது. 2000-ல் அவர் தண்டிக்கப்பட்டார். 2006-ல் திருந்தியவர் எனச் சட்டப்படி ஏற்கப்பட்டார். ஆனால் 2008-ல் நாளிதழ் தன் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றியது. அவரது பெயரைத் தேடும் நோயாளியின் கண்ணிலும் அச்செய்தி படலாயிற்று.

அவர் வழக்குத் தொடுத்தார். இணையப் பிரதியில் பெயருக்குப் பதிலாக 'எக்ஸ்' எனும் எழுத்தை இடுமாறு அந்நாட்டு நீதிமன்றம் ஆணையிட்டது. பதிப்பாளர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அணுகினார். அந்த ஆணை கருத்துச் சுதந்திரத்தை மீறவில்லை என 2023 ஜூலை 4 அன்று 17 நீதிபதிகளில் 12 பேர் தீர்ப்பளித்தனர். அவர் பொதுவாழ்வில் உள்ளவர் அல்லர் என்பதையும், சம்பவம் நடந்து நெடுங்காலம் கடந்துவிட்டதையும் அவர்கள் கருத்திற்கொண்டனர்.

சிந்தியுங்கள்! செய்தி அழிக்கப்படவில்லை, அச்சுப் பிரதி மாற்றப்படவில்லை, இறந்தோருக்கு நேர்ந்த அநியாயமும் மூடப்படவில்லை. திருந்தியவரின் பெயர் மட்டுமே மறைக்கப்பட்டது.

தெருவில் ஒருவரைப் பழைய வழக்கைச் சொல்லியே அடையாளம் காட்டும் நமது நாவுக்கும் இக்கட்டுப்பாடு வேண்டாமா? பிறர் குறையை மறைப்போராக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.