அந்த எண் யாரிடம் இருந்தது?

“போன மாதம் 14ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு 10.4.18.77 என்ற ஐபி முகவரி எந்தக் கணினியிடம் இருந்தது?” பெரிய நெட்வொர்க்கைப் பராமரிப்பவர்களைத் திணறடிக்கும் கேள்வி இது. வைரஸ் எங்கிருந்து பரவியது, ரகசியக் கோப்பு எந்த இயந்திரத்திலிருந்து வெளியே போனது என்று எந்த விசாரணை தொடங்கினாலும் முதலில் இங்கேதான் வந்து நிற்கும்.

பதில் சொல்வது கடினம். காரணம், ஐபி முகவரி கணினியோடு பிறந்ததல்ல. வைஃபைக்குள் நுழையும் செல்போன், முகவரி தருபவர் யாராவது உண்டா என்று பொதுவாகக் குரல் கொடுக்கும். முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபி சர்வர் ஓர் எண்ணைக் காட்டும். போன் அந்த எண்ணையே கேட்கும். சர்வர் உறுதி செய்யும். நான்கே செய்திகள், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். கிடைத்த எண்ணும் சொந்தமில்லை, குத்தகைதான். விண்டோஸ் சர்வரில் வழக்கமான குத்தகைக் காலம் 8 நாள். புதுப்பிக்காவிட்டால் அதே எண் வேறொருவருக்குப் போய்விடும்.

கொடுத்ததும் வாங்கியதும் டிஹெச்சிபி சர்வரின் தணிக்கைப் பதிவில் ஏறும். அந்தப் பதிவைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கிழமைக்கு ஒரு கோப்பு, ஆக மொத்தம் ஏழு. அடுத்த திங்கள் வந்ததும் இந்தத் திங்களின் கோப்பு அழிந்து, அதன் மேலேயே புதிது எழுதப்படும். ஒரு வாரத்துக்கு முந்தைய வரலாறு அந்தச் சர்வரில் இருக்காது. இந்தியாவிலோ அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி, கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

இந்த இடைவெளியை நிரப்பும் கருவிகளில் ஒன்று, விண்டோஸ் சர்வர் 2012இல் மைக்ரோசாஃப்ட் சேர்த்த ‘ஐபாம்’ என்ற ஐபி முகவரி மேலாண்மை வசதி. நிறுவனத்தில் உள்ள டிஹெச்சிபி சர்வர்களிடமிருந்தும், பெயர்களை முகவரிகளோடு பொருத்தும் டிஎன்எஸ் சர்வர்களிடமிருந்தும் தகவலைத் திரட்டி ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கிறது. பயனர்களின் உள்நுழைவைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலரின் லாகின் பதிவையும் சேர்த்துப் பார்த்து, எண்ணையும் இயந்திரத்தையும் ஆளையும் இணைத்துக் காட்டுகிறது. அந்தச் சர்வர்களில் தனி மென்பொருள் எதையும் போட வேண்டியதில்லை, தூரத்திலிருந்தே படிக்கும். அப்படிப் படிக்க அனுமதி வேண்டும். அந்த அனுமதியை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன.

ஒன்று, கைவழி. ஒவ்வொரு டிஹெச்சிபி சர்வர் முன்னாலும் உட்கார வேண்டும். ஃபயர்வாலில் தேவையான விதிகளைத் திறக்க வேண்டும். ஐபாம் சர்வரைக் கொண்ட குழுவை, நிகழ்வுப் பதிவு படிப்போர் குழுவிலும் டிஹெச்சிபி பயனர் குழுவிலும் சேர்க்க வேண்டும். தணிக்கைப் பதிவுக் கோப்புறையை ‘டிஹெச்சிபிஆடிட்’ என்ற பெயரில் பகிர வேண்டும். பிறகு டிஹெச்சிபி சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டும். மூன்று சர்வர் என்றால் ஒரு மாலை வேலை. ஐம்பது என்றால் எங்காவது ஒரு படி விட்டுப்போகும். ஐபாம் திரையில் அந்தச் சர்வர் சிவப்பாக ‘பிளாக்டு’ என்றே நிற்கும்.

இன்னொன்று, டொமைனில் உள்ள கணினிகளுக்கு மையத்திலிருந்தே விதிகளை அனுப்பும் குரூப் பாலிசி வழி. டிஹெச்சிபிக்கு ஒன்று, டிஎன்எஸ்ஸுக்கு ஒன்று, டொமைன் கன்ட்ரோலருக்கும், நெட்வொர்க்கில் நுழைய அனுமதி தரும் என்பிஎஸ் சர்வருக்கும் சேர்த்து ஒன்று என மூன்று பாலிசிகளை டொமைனில் உருவாக்கிவிட்டால் போதும். ஒரு சர்வரை ‘மேனேஜ்டு’ என்று குறித்ததும் ஐபாமே அதன் பெயரைப் பாலிசியின் வடிகட்டியில் சேர்த்துவிடும். சாதாரண சர்வர்கள் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை புதிய பாலிசி உண்டா என்று பார்க்கும். எல்லாம் ஒரே நொடியில் போய் மோதாதபடி, அதோடு அரை மணி வரை கூட்டி நேரத்தைச் சிதறடித்தும் வைத்திருக்கிறார்கள். அழகான ஏற்பாடு அது.

எந்த வழி என்பதை நிறுவும்போதே விசார்டில் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அந்த விசார்டில் மாற்ற முடியாது. கைவழியில் தொடங்கியவர்கள் பவர்ஷெல்லில் ‘செட்-ஐபாம்கான்ஃபிகரேஷன்’ கட்டளை கொடுத்துப் பாலிசி வழிக்கு மாறலாம். அதோடு மூன்று பாலிசிகளையும் ‘இன்வோக்-ஐபாம்ஜிபிஓப்ரொவிஷனிங்’ கட்டளையால் உருவாக்க வேண்டும். இரண்டிலும் தரும் பெயர் முன்னொட்டு ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. எதிர்த் திசையில், பாலிசியிலிருந்து கைவழிக்கு வர இப்படி ஒரு கட்டளை கிடையாது; ஐபாமை அகற்றி மறுபடி நிறுவ வேண்டும்.

வெறும் வசதிக்கான மாற்றமாக இதைப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கைவழியில் ‘சரி, படித்துக்கொள்’ என்று சொல்பவர் அந்தந்தச் சர்வரின் பொறுப்பாளர். பாலிசி வழியில் டொமைனே சொல்கிறது. பாலிசி எழுதிய ஃபயர்வால் விதியை உள்ளூர்ப் பொறுப்பாளர் திறந்து பார்க்கலாம், திருத்த முடியாது. படிக்கப்படுவதோ யார், எப்போது, எந்த இயந்திரத்தில் இருந்தார் என்ற தகவல். ஆகவே கிளை அலுவலகப் பொறுப்பாளர்களிடம் பேசிவிட்டு மாற்றுவதே முறை. சர்வர்கள் பத்தைத் தாண்டினால் பாலிசி வழிக்கே என் ஓட்டு. இரண்டு மூன்றுதான் என்றால் கைவழியை விட்டு நகர வேண்டியதில்லை.

மாறியவர்கள் பெரும்பாலும் மறக்கும் வேலை ஒன்று உண்டு. பழைய கைவழியில் திறந்த விதிகளும் குழு உறுப்பினர் சேர்க்கைகளும் தாமாக மறைவதில்லை. நாளை ஒரு சர்வரை ஐபாமிலிருந்து விடுவித்தாலும் அந்தக் கதவு திறந்தே கிடக்கும். திரையில் எல்லாச் சர்வரும் பச்சைக்கு வந்த பிறகு, ஒவ்வொன்றிலும் போய்ப் பழைய அனுமதிகளை நீக்கிவிட்டு, பாலிசி கொடுத்தது மட்டும் போதுமானதாக இருக்கிறதா என்று இன்னொரு முறை நிலையைப் புதுப்பித்துப் பார்க்க வேண்டும்.