குரோ லைட் வாங்குமுன் மாடி வெயிலை அளந்து பாருங்கள்

கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளை வீட்டுக்குள் முளைக்க வைக்க எந்த குரோ லைட் வாங்கலாம்? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மாடித்தோட்டம் போடுபவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மொட்டை மாடியில் நிற்க இடம் இருக்கிறவருக்கு என் பதில் சுருக்கமானது: எதுவும் வேண்டாம். மாடி கிடைக்காத அடுக்கக வீட்டுக்காரருக்கு மட்டும் விளக்கு தேவைப்படலாம். அவருக்கும் தெரு முனை எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் வெள்ளை டியூப் லைட்டே போதும்.

விளக்கு வைத்து நாற்று வளர்க்கும் பழக்கம் குளிர் நாடுகளில் பிறந்தது. டொரண்டோவில் டிசம்பரின் மிகக் குறுகிய பகல் 9 மணி நேரத்தைத் தொடுவதில்லை. லண்டனில் 8 மணி நேரம்கூட இல்லை. டொரண்டோவில் உறைபனி பயம் மே மாத நடுப்பகுதி வரை நீடிக்கிறது. அங்கே ஸ்கார்பரோவில் வாழும் நம்மவர்கள் மிளகாயும் கத்தரியும் காய்க்கப் பார்க்க வேண்டுமென்றால், வெளியே பனி கிடக்கும்போதே உள்ளே விதை போட்டாக வேண்டும். சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. மார்கழியின் மிகக் குறுகிய பகலும் இங்கே 11 மணி 20 நிமிடத்தை ஒட்டியே இருக்கும். நமக்கு உறைபனி என்ற பேச்சே இல்லை.

கணக்காகவே பார்ப்போம். செடிக்குப் பயன்படும் ஒளியை ஒரு நாளைக்கு ஒரு சதுர மீட்டரில் எத்தனை மோல் விழுகிறது என்று அளக்கிறார்கள். தக்காளி நாற்றுக்கு 10 மோல் இருந்தால் நன்றாக வளரும். சென்னை மொட்டை மாடியில் தெளிவான நாளில் 35 மோலுக்கு மேலும் விழும். கார்த்திகை மாத மேகமூட்டத்திலும், புயல் நாட்களை விட்டுவிட்டால், 10 மோலை ஒட்டிக் கிடைத்துவிடும். நாற்றுப் பண்ணைகளில் குழித்தட்டுகளை 50 சதவீத நிழல்வலைக்குள் வைப்பது இதனால்தான். வெளிச்சம் மிஞ்சிப்போவதால் பாதியை வெட்டி எறிகிறார்கள். தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளை (கிட்) கொடுக்கத் தொடங்கியபோது பை, விதை, தென்னை நார்க்கழிவு, உயிர் உரம் எல்லாம் வைத்தார்கள். விளக்கு வைக்கவில்லை, தேவையும் இல்லை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் நாற்றுகளைக் கொல்வது பெரும்பாலும் மழையும் அழுகலும்தான். பெரிய துளி விழுந்து நாற்று சாய்கிறது. ஊறிக்கிடக்கும் கலவையில் பித்தியம் போன்ற பூஞ்சைகள் தண்டின் அடியைத் தின்கின்றன. இதைத்தான் நாற்றழுகல் என்கிறோம். வெளிச்சம் கூட்டினால் இது தீராது. தட்டின் மேலே ஒளி புகும் பாலித்தீன் கூரை ஒன்று, வடிகால் துளை அடையாத குழித்தட்டு, விதையோடு கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி (கிலோ விதைக்கு 4 கிராம் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் அளவு), இவற்றின் செலவு ஒரு குரோ லைட்டின் விலையைவிடக் குறைவாகவே முடியும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வெண்டை, அவரை, கொத்தவரை, பாகல், புடலை, முள்ளங்கி, கீரை எல்லாம் பையிலேயே நேராக விதைக்க வேண்டியவை. நாற்று விடுவது பெரும்பாலும் கத்தரி, தக்காளி, மிளகாய் என்ற மூன்று பயிருக்குத்தான். தக்காளி 25 நாளில் நடவுக்கு வந்துவிடும். மிளகாய்க்கு 35 முதல் 40 நாள்.

சரி, விளக்கு யாருக்குத் தேவை? சுவரோடு சுவர் உரசும் அடுக்ககத்தில், பால்கனிக்கு எதிரே அடுத்த கட்டடம் நிற்கும் வீட்டுக்காரருக்கு. மாடிக் கதவைச் சங்கம் பூட்டி வைத்திருக்கும் குடியிருப்புவாசிக்கு. கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு ஜன்னலோரம் பாருங்கள். நடுப்பகல் வெயிலில் மொட்டை மாடி ஒரு லட்சம் லக்ஸ் காட்டும். அறைக்குள் இரவு விளக்கொளியில் முந்நூறைத் தாண்டினால் அதிகம். நம் கண் இரண்டுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால், இருட்டு அறையையும் வெளிச்சமானது என்று நம்பிவிடுகிறோம். செடி அப்படி ஏமாறாது. ஒளியைத் தேடி நெடுநெடுவென வெளிறி வளர்ந்து மடிந்து விழும். ஜன்னலோரத்தில் பகலில் பல மணி நேரம் பத்தாயிரம் லக்ஸுக்கு மேல் நின்றால் அந்த இடமே போதும். ஓரிரண்டு ஆயிரத்திலேயே நின்றுவிட்டால் விளக்கு போடுங்கள்.

இனி விளக்கின் நிறம். ஊதா ஒளி வீசும் விளக்குகளே செடிக்கு உகந்தவை என்ற எண்ணம் பரவிக் கிடக்கிறது. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் இலை முழுவதையும் வைத்து அளந்த மெக்ரீ என்ற ஆய்வாளர், பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்கு நன்றாகவே பயன்படுகிறது என்று 1972லேயே காட்டிவிட்டார். வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் அதில் உண்டு. நாற்றுக்கு இதுவே நிறைவு. ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளித்தாலும் புள்ளி விழுந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது; எனக்கு அந்த விளக்குகள் பிடிக்காததற்கு இது முக்கியக் காரணம். அட்டையில் 1000 வாட் என்று போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது, எத்தனை லூமென் தருகிறது என்ற இரண்டையும் கேளுங்கள். ஒரு வாட்டுக்கு 100 லூமென் தந்தால் நல்ல விளக்கு.

98 குழித் தட்டு ஒன்று ஏறத்தாழ 54 சென்டிமீட்டர் நீளம், 27 சென்டிமீட்டர் அகலம். அதன் மேல் 2 அடி, 10 வாட், 6500 கெல்வின் டியூப் லைட்டுகள் நான்கை நெருக்கிக் கட்டி, நாற்று நுனியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்த வேண்டும். பக்கங்களில் வெள்ளைத் தெர்மாகோல் வைத்தால் சிதறும் ஒளி திரும்பி வரும். முளைக்கும்வரை விளக்கே வேண்டாம். முளை தலைகாட்டிய நாளிலிருந்து தினம் 14, 15 மணி நேரம். விடிய விடிய எரிய விடாதீர்கள்: தொடர் ஒளியில் தக்காளி, கத்தரி இலைகள் வெளிறிக் கெடும். டைமர் பிளக் ஒன்று இருந்தால் நிம்மதி. 40 வாட் 15 மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 0.6 யூனிட், ஒரு மாதத்துக்கு 18 யூனிட். இருமாதக் கணக்கு 500 யூனிட்டின் விளிம்பில் நிற்கும் வீடுகள் மட்டும் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டினால் குறைந்த கட்டணப் படி கைவிட்டுப் போகும்.

விளக்கடியில் வளர்ந்த நாற்றை நேராக வெயிலில் நட்டுவிடக் கூடாது. விளக்கு தந்ததைப் போலப் பத்து மடங்கு வெளிச்சம் நடுப்பகலில் ஒரேயடியாக விழும், இலை வெந்துபோகும். முதல் இரண்டு நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு நிழல்வலையின் கீழ் நாளுக்கு நாள் கூட்டி, ஒரு வாரம் கழித்து மாலை வேளையில் நடுங்கள். சந்தேகம் இருப்பவர்களுக்குத் திருவள்ளூர் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம் திரூரில், ஆவடியிலிருந்து திருவள்ளூர் போகும் வழியிலேயே இருக்கிறது.