கைப்பைக்குள் ஒரு கத்தி: யாருக்குப் பாதுகாப்பு?

2018ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து வந்திருந்த சித்தி, சொக்லேட் பைகளுக்கு நடுவிலிருந்து சிறியதோர் உறையை எடுத்துத் தந்தார். உள்ளே ஒரு கத்தி இருந்தது. கைப்பிடி என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சுட்டுவிரலை நுழைக்க ஒரு வளையம், அதற்கு முன்னால் விரல் நீளம்கூட இல்லாத அலகு, அவ்வளவுதான். “நீ தனியத் திரியிறாய் பிள்ளை. பையுக்குள்ள ஒண்டு கிடக்கட்டும்” என்றார்.

செய்தி சேகரிப்பதற்காக மாதத்தில் பல இரவுகளை பஸ்ஸில் கழிப்பவள் நான். மறுக்கவில்லை.

இவ்வகைக் கத்திகளில் பெயர்பெற்றது பிரான்ஸைச் சேர்ந்த ஃபிரெட் பெரின் வடிவமைத்த ‘லா கிரிஃப்’. விரல் வளையத்துக்குள் இருப்பதால் கை வழுக்கி அலகின் மேல் போகாது. உள்ளங்கையை விரித்தாலும் கத்தி கீழே விழாது. விரலோடு சேரும் கத்தி புதிய கண்டுபிடிப்பும் அல்ல. மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவு மக்களுடைய ‘கெரம்பிட்’ கத்தியின் பிடி முனையில் இப்படியொரு வளையம் உண்டு. ஜாவாவில் பெண்கள் ‘அனி அனி’ எனும் சிறு கத்தியை உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்து, நெற்கதிர்களை ஒவ்வொன்றாக அறுத்தார்கள்.

வேலைக்கு அது உண்மையிலேயே நல்ல கத்தி. பார்சல் கயிறு வெட்டினேன், கமராப் பையின் பிய்ந்த பட்டியைச் சீராக்கினேன், பயணத்தில் மாம்பழமும் வெட்டினேன். ஆனால், சித்தி அதைத் தந்தது மாம்பழம் வெட்டுவதற்கல்ல.

அந்த வருடக் கடைசியில், வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில், பின் ஆசனத்திலிருந்து ஒரு கை இருக்கை இடைவெளியால் வந்து என் இடுப்பைத் தொட்டது. முதலில் தவறுதலாகப் பட்டிருக்கும் என நினைத்தேன். இரண்டாவது தடவையும் வந்தது. கத்தி பைக்குள், மடிகணினிக்கும் அடியில் கிடந்தது. கையில் இருந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? உடம்பு விறைத்துப்போயிருந்தது. நடுங்கும் விரலை அந்த வளையத்துக்குள் நுழைத்து, ஆடும் பஸ்ஸில், இருட்டில், பக்கத்தில் ஒரு தாயும் குழந்தையும் இருக்கையில், எதைக் குறிவைப்பது? குட்டையான அலகு எதிராளிக்குப் பட வேண்டுமென்றால் அவருடைய கைக்கு எட்டும் தூரத்துக்குள் நாம் இருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் நம் மணிக்கட்டு அவருடைய பிடிக்குள் போய்விடலாம். முறுக்கினால், வளையத்துக்குள் சிக்கிய விரல்தான் முதலில் முறியும்.

என்னைக் காப்பாற்றியது பக்கத்திலிருந்த அந்தத் தாயின் குரல். “கையை எடடா!” என்று அவர் போட்ட சத்தத்தில் விளக்குகள் எரிந்தன. நடத்துநர் வந்து அந்த ஆளைப் பஸ்ஸின் கடைசி வரிசைக்கு அனுப்பினார். பொலிஸுக்குப் போகவில்லை. அதை இன்றும் என் தவறாகவே எண்ணுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பிறகுதான் வாசித்தேன். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவு முதல் தற்காப்பு உரிமை பேசப்படுகிறது. உரிமை உண்டு, எல்லையும் உண்டு. தற்காப்புக்குத் தேவையான அளவைவிட அதிகமான தீங்கு செய்யக்கூடாது என்கிறது 92ஆம் பிரிவு. உயிராபத்து, கடும் காயம், பாலியல் வல்லுறவு, ஆட்கடத்தல் போன்றவற்றை எதிர்கொள்ளும்போது அந்த உரிமை எதிராளியின் மரணம் வரைகூடச் செல்லலாம் என்கிறது 93. பஸ்ஸில் உரசும் கை பாலியல் தொந்தரவு. 345ஆம் பிரிவின் கீழ் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம். ஆனால், அந்தக் கையைக் கத்தியால் கிழித்தால், ஆபத்தான ஆயுதத்தால் காயம் விளைவித்தல் என்ற 315ஆம் பிரிவு என் பக்கம் திரும்பலாம். அப்போது அந்த அளவு தீங்கு தேவைப்பட்டதா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு மே மாத ஆரம்பத்தில் பொலிஸார் மக்களைக் கேட்டார்கள். அன்றாட வேலைக்குப் பயன்படும் கத்திகளுக்கு விலக்கு இருந்தது. என்னுடையது பெரிய கத்தியல்ல. ஆனாலும், வழியில் பைகளைத் திறந்து காட்டவேண்டியிருந்த அந்த நாட்களில், “மேக்க மொகடத?” என்று, அதாவது இது எதற்கு என்று, யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று யோசித்தேன். பார்சல் வெட்ட என்றால் அது வேலைக் கருவி. பாதுகாப்புக்கு என்றால், ஓர் ஆளுக்கு எதிராகப் பாவிக்கவே கொண்டு திரிகிறேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். பொருள் ஒன்றுதான், மாறுவது நம் வாயிலிருந்து வரும் காரணம். அந்தக் காரணத்தை அரைகுறைச் சிங்களத்தில் விளக்க வேண்டிய ஒரு தமிழ்ப் பெண்ணின் சொல் எவ்வளவு தூரம் எடுபடும்? அன்றே கத்தியைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் நடத்திய ஆய்வின்படி, 15 முதல் 35 வயது வரையான பெண்களில் 90 வீதமானோர் பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொந்தரவை எதிர்கொண்டிருக்கிறார்கள். பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 வீதம் மட்டுமே. நாங்கள் இத்தனை பேரும் சேஃப்டி பின்னோடும் மிளகாய்த்தூளோடும் கத்தியோடும் பயணம் செய்வது தீர்வென்றால், பஸ்ஸைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டியவர்களின் வேலை என்ன?

இப்போது சாரதிக்குப் பின்னால் உள்ள ஆசனத்தைக் கேட்டு வாங்குகிறேன். பொலிஸின் 119, பெண்களுக்கான உதவி இலக்கமான 1938 இரண்டும் தொலைபேசியில் முதலில் இருக்கின்றன. பக்கத்து ஆசனத்தில் ஒரு பெண் நெளிவதைக் கண்டால் “என்ன பிரச்சினை தங்கச்சி?” என்று சத்தமாகவே கேட்கிறேன். அந்தத் தாயிடம் படித்த பாடம் அது.

கத்தி குசினி லாச்சிக்குள் இருக்கிறது. மாம்பழக் காலத்தில் நன்றாக வேலை செய்கிறது. சித்தி தொலைபேசியில் கேட்கும்போது, “கவனமா வைச்சிருக்கிறன்” என்று மட்டும் சொல்வேன்.