மனநோய்க்குப் பெயர் வைப்பது எப்படி?

ஜுரம் வந்தால் உஷ்ணமானி வைத்துப் பார்க்கிறோம். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே படம் எடுக்கிறோம். மனத்தில் கோளாறு என்றால் அளந்து பார்க்க என்ன கருவி இருக்கிறது? "வெறும் பேச்சைக் கொண்டு வியாதியைக் கண்டுபிடித்துவிட முடியுமா?" என்று நம்மில் பலர் சந்தேகப்படுகிறோம். அந்தச் சந்தேகம் ஒரு காலத்தில் மனநோய் வைத்தியர்களுக்கே உண்டாயிற்று!

1960-களில் நியூயார்க் ஆஸ்பத்திரிகளில் மனச்சிதைவு நோயாளிகள் ஏராளம்; லண்டனிலோ அவ்வளவு பேர் இல்லை. இரண்டு நகரத்து மனிதர்களின் மூளையும் வேறு வேறா? இரு நாட்டு வைத்தியர்களும் கூடி ஆராய்ந்து, 1972-ல் தங்கள் முடிவை நூலாக வெளியிட்டார்கள். இரண்டு ஊர் நோயாளிகளிடமும் ஒரே விதமான கேள்விகளை ஒரே முறையில் கேட்டபோது, அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்து போயிற்று. வேற்றுமை நோயாளிகளிடம் இல்லை. வைத்தியர்களின் பழக்கத்தில் இருந்தது! ஒரு நோயாளியுடன் நடந்த சம்பாஷணையைப் படமாகக் காட்டியபோது, அமெரிக்க வைத்தியர்களில் 100-க்கு 69 பேர் மனச்சிதைவு என்றார்கள். பிரிட்டிஷ் வைத்தியர்களில் அப்படிச் சொன்னவர்கள் 100-க்கு 2 பேரே.

இத்தகைய அனுபவங்களின் பயனாக, 1980-ல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் தன் கைந்நூலைத் திருத்தி, ஒவ்வொரு நோய்க்கும் தெளிவான அடையாளங்களை வகுத்தது. மனச்சோர்வை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒன்பது அறிகுறிகள். அவற்றில் ஐந்தாவது இரண்டு வார காலம் நீடித்திருக்க வேண்டும். ஓயாத துயரம், எதிலும் நாட்டமின்மை ஆகிய இரண்டில் ஒன்று அந்த ஐந்தில் கட்டாயம் சேர வேண்டும். அன்றாட வாழ்க்கையும் அதனால் குலைந்திருக்க வேண்டும்.

ஆகவே, நல்ல மனோதத்துவ நிபுணர் அவசரப்படுவதில்லை. தூக்கம், பசி, வேலை, பழைய துக்கங்கள், உயிரை விட எண்ணம் உண்டா என்பது வரை பொறுமையாக விசாரிக்கிறார். நோயாளி சம்மதித்தால் வீட்டாரையும் கேட்கிறார். ஞாபக சக்தியையும் சிந்தனையையும் சோதிக்கிறார். வினாத்தாளில் கிடைக்கும் மதிப்பெண் அவருக்கு ஒரு குறிப்பு மாத்திரமே, தீர்ப்பு அல்ல. தைராய்டுச் சுரப்பி மந்தமானாலும் மனம் சோர்ந்து போகும். ஆதலால் ரத்தப் பரிசோதனைக்காக வைத்தியரிடமும் அனுப்புகிறார். இன்னொன்றையும் அவர் மறப்பதில்லை: கோவில் திருவிழாவில் சாமி வந்து ஆடுவதை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று சொல்லிவிட முடியாது.

கற்றறிந்த வைத்தியர்களே இவ்வளவு தடுமாறியிருக்க, நாம் மட்டும் திண்ணையில் உட்கார்ந்தபடியே, "அவனுக்குப் பைத்தியம்", "அவள் பாசாங்கு செய்கிறாள்" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். நம் வீட்டுப் பிள்ளை சில வாரங்களாகச் சாப்பிடாமல், பேசாமல், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால், அவனுக்குப் பெயர் சூட்டும் வேலை நம்முடையது அல்ல. அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதும், தகுந்தவரிடம் அழைத்துச் செல்வதுமே நம்முடைய வேலை.