இருபதாண்டு உத்தரவாதம்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பீட்டர்பரோ என்னும் நகரில் ஆம்ப்ளிஃபையர் தயாரிக்கும் பிரைஸ்டன் கம்பெனியார், தங்கள் அனலாக் சாதனங்களுக்கு 20 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். அவர்களே தங்கள் டிஜிட்டல் சாதனங்களுக்கு 5 ஆண்டு மட்டுமே தருகிறார்கள். பெரும்பொருள் செலவிட்டு வீட்டுக்குச் சங்கீத சாதனம் வாங்க விரும்பும் ரசிகர், விலையை விசாரிக்குமுன் இந்த வித்தியாசத்தின் காரணத்தை அறிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறேன்.

ஆம்ப்ளிஃபையரினுள் டிரான்ஸ்ஃபார்மரும் டிரான்சிஸ்டர்களும் அளவு மீறிய சுமைக்கு ஆளாகாவிடில் பல்லாண்டு உழைக்கும். முதலில் தளர்வது பெரும்பாலும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்தான். அதனுள் இருக்கும் திரவம் உஷ்ணத்தால் சிறிது சிறிதாக வற்றிப்போகிறது. உஷ்ணம் 10 டிகிரி குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. அதன்படி, 105 டிகிரி செல்சியஸில் 2,000 மணி நேரம் உழைக்குமென்று குறிக்கப்பட்ட கெபாசிட்டர், 65 டிகிரியில் 32,000 மணி நேரம் உழைக்கக்கூடும். தினம் 4 மணி நேரம் கேட்பவருக்கு இது 20 ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகவே வருகிறது. தரமான கெபாசிட்டரையும், உஷ்ணத்தை வெளியேற்றும் கனத்த ஹீட் சிங்கையும் அமைத்தவர் நீண்ட உத்தரவாதத்தைத் துணிந்து எழுதித் தரலாம் என்பது இதனால் விளங்கும். அத்தகைய சாதனத்தைக் கோடைகாலத்தில் காற்றோட்டமில்லாத அலமாரியில் அடைத்து வைப்பது, அதன் ஆயுளை நாமே அரிந்து எறிவதாகும்.

டிஜிட்டல் சாதனத்தின் கதி வேறு. அதன் பிரதான சில்லுகளைப் பெரும்பாலும் பிற கம்பெனிகளே உற்பத்தி செய்கின்றன. அவை உற்பத்தியை நிறுத்திவிட்டால் மாற்றுச் சில்லு கிடைப்பது துர்லபம்; ஆகவே நீண்ட உத்தரவாதம் தருவது கடினம். ஆம்ப்ளிஃபையரோடு இணையும் ஸ்பீக்கரிலோ, கூம்பின் ஓரத்திலுள்ள ஃபோம் வளையம், பாட்டே கேட்காமல் மூடி வைத்தாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பொடிந்து உதிரத் தொடங்கும். ரப்பர் வளையம் பொதுவாக அதனினும் நெடுநாள் இருக்கும்.

உத்தரவாதப் பத்திரத்தில் ஆண்டுக் கணக்கோடு நின்றுவிடாமல், வாங்கிய தேசத்துக்கு வெளியே அது செல்லுமா, சாதனம் கைமாறினால் புதிய உரிமையாளரையும் காக்குமா, கனத்த பெட்டியைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் கூலி யாருடையது என்பவற்றையும் ஊன்றி வாசிக்க வேண்டும். உதிரி பாகமும் சர்க்யூட் வரைபடமும் பிற்காலத்தில் கிடைக்குமா என்று கேட்பது இவற்றினும் முக்கியம். இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் 1957-இல் வெளியிட்ட குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்களுக்கு இன்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆயினும் அவற்றின் பேனல்களைப் புதுப்பித்துத் தரும் கைவினைஞர்கள் இருப்பதால், பல ஸ்பீக்கர்கள் இன்றும் வீடுகளில் பாடிக்கொண்டிருக்கின்றன.