இரண்டு மாத அவகாசம்

டாக்ஸோரூபிசின் செந்நிற மருந்து. ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவருக்கு ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும். பயப்பட வேண்டாம் என்று செவிலியர் முன்பே சொல்லி அனுப்புவார். மார்பகப் புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படும் மருந்து இது. இதயத் தசையையும் இது சிதைக்கும். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் பெற்றவர்களில் சுமார் 5 சதவீதத்தினருக்கு இதயச் செயலிழப்பு வருகிறது. 550 ஆனால் 26 சதவீதம்.

தொடக்கத்தில் அறிகுறி எதுவும் இருக்காது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதை எக்கோ பரிசோதனை அளந்து சொல்லும். அந்த அளவு குறைந்த 201 பேரைப் பற்றிய ஆய்வு மிலான் நகரிலிருந்து 2010இல் வெளியானது. கீமோ முடிந்து இரண்டு மாதங்களுக்குள் இதய மருந்து தொடங்கியவர்களில் 64 சதவீதத்தினருக்கு இதயம் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆறு மாதம் கழித்துத் தொடங்கியவர்களில் முழுமையாக மீண்டவர் ஒருவரும் இல்லை.

மிலானைத் தலைநகராகக் கொண்ட லொம்பார்டி கொரோனா தொற்றால் 2020 மார்ச் 8 அன்று மூடப்பட்டது. மே 4 அன்று கட்டுப்பாடுகள் தளர்ந்தன. இடையில் 57 நாட்கள். இந்தியாவில் மார்ச் 25 முதல் மே 31 வரை 68 நாட்கள்.

எக்கோ எடுப்பவர் நோயாளியை இடப்பக்கமாகப் படுக்க வைத்து, மார்பில் ஜெல் தடவி, மூச்சுக்காற்று படும் தொலைவில் அமர்ந்திருக்க வேண்டும். தொற்றுக் காலத்தில் அவசரமல்லாத எக்கோக்கள் தள்ளிவைக்கப்பட்டன. அந்த முடிவைக் குறை சொல்வது கடினம். பன்னாட்டு அணுசக்தி முகமை 108 நாடுகளில் நடத்திய ஆய்வின்படி, 2019 மார்ச்சோடு ஒப்பிட்டால் 2020 ஏப்ரலில் இதயப் பரிசோதனைகள் 64 சதவீதம் சரிந்திருந்தன. எக்கோ மட்டும் 59 சதவீதம்.

இதயம் தளர்ந்தால் மூச்சு வாங்கும். கொரோனாவிலும் வாங்கும். அசதியைக் கீமோவின் கணக்கில் எழுதிவிடுவது இன்னும் எளிது.

எக்கோ எடுக்க வழியில்லாதபோது ட்ரோபோனின் பரிசோதனை ஓரளவு உதவும். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கசியும் புரதம் அது; கீமோவுக்கு முன் வழக்கமாக எடுக்கும் ரத்தத்திலேயே பார்த்துவிடலாம்.

மிலான் குழுவே பின்னர் 2,625 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. இதயப் பாதிப்பு கண்டவர்கள் 9 சதவீதம். அவர்களில் 98 சதவீதத்தினருக்கு முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. வீட்டில் கீமோ முடித்தவர் இருந்தால் கோப்பைத் திறந்து இரண்டு தேதிகளைப் பாருங்கள்: கடைசி டோஸ் ஏற்றியது, கடைசி எக்கோ எடுத்தது.